புத்தளம் கரையோரத்தின் திறந்த நிலங்களை யார் செலவில் காப்பது?

தெற்கே மா ஓயாவில் தொடங்கி வடக்கே வில்பத்துக் காட்டின் மேற்கு ஓரம்வரை நீளும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையே கட்டடம் எழாத நிலம் இன்னும் பெருமளவில் எஞ்சியிருக்கிறது. டச்சுக் குடாவையும் போர்த்துக்கல் குடாவையும் சேர்த்து ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரியும் புத்தளம் களப்பு, அதன் விளிம்பிலுள்ள கண்டற்காடுகள், உப்பளங்கள், முந்தல் களப்பின் சேற்று வெளிகள், உடப்பிலும் கற்பிட்டியிலும் கரைவலை இழுக்கும் மணற்கரைகள், சிலாபம் முதல் வென்னப்புவவரை தொடரும் தென்னந்தோட்டங்கள், சிறு குளங்களின் கீழுள்ள வயல்கள் ஆகியவை எல்லாம் அந்த நிலத்தில் அடங்கும். இவற்றைத் 'திறந்த நிலம்' என்று சொல்லும்போது வெறுமையாகக் கிடக்கும் நிலம் என்று பொருள் கொள்ளலாகாது. கரைவலைக்காரர் தம் வலையை வளைத்துப் போட்டு இழுக்கும் கரைப்பகுதியைப் 'பாடு' என்பர். இரு கயிறுகளையும் இழுப்பவர் நடப்பதற்கு இடமில்லையென்றால் பாடு இல்லை, பாடு இல்லையென்றால் அந்தத் தொழிலும் இல்லை. கருவாடு காய்வதும் மாடு மேய்வதும் கிணற்றுக்கு மழைநீர் இறங்குவதும் இத்தகைய நிலங்களில்தான்.

இந்நிலத்தைக் காப்பது அரசின் கடமை என்பதில் இலங்கையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நாட்டின் நிலப்பரப்பில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டது அரச காணி என்பதால், பிற நாடுகளில் அரசு பணம் கொடுத்து வாங்கிக் காக்க வேண்டிய நிலத்தின் பெரும்பகுதி இங்கே ஏற்கெனவே பொதுவுடைமையாக இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச்சட்டம், பயிரிடப்படாத நிலத்தையும் காட்டையும் உரிமை நிறுவப்படாதவரை முடிக்குரியவை என்று அனுமானித்ததன் தொடர்விளைவு இது. அதற்கு மேலாகப் பாதுகாப்புச் சட்டங்களும் பல உள்ளன. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் சரணாலயங்களும் தேசிய ஒதுக்கிடங்களும் அறிவிக்கப்படுகின்றன. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 300 மீற்றர்வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக வரையறுத்து, அதனுள் நிலத்தின் இயல்பை மாற்றும் பணி எதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று விதிக்கிறது. வயல்களைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை மண்ணிட்டு நிரப்புவதைத் தடைசெய்கிறது.

சட்டமும் உடைமையும் இவ்வாறு அரசின் கையில் இருந்தும், கடந்த நாற்பது ஆண்டுகளில் இக்கரையோரத்தின் கண்டற்காடுகளும் உவர்நிலங்களும் பெரிய அளவில் அழிந்திருக்கின்றன. நிலத்தைக் காப்பதற்குத் தேவையானது நில உடைமை மட்டுமல்ல, ஆண்டுதோறும் தவறாமல் வந்துசேரும் பொதுப்பணமும் ஆகும் என்பதை இந்த மாவட்டத்தின் அனுபவம் வேறெந்த விளக்கத்தையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது.

இறால் பண்ணைகளின் வரலாறு இதற்கு முதன்மையான சான்று. 1980களின் தொடக்கத்தில் வணிக முறையிலான இறால் வளர்ப்பு புத்தளம் மாவட்டத்தில் வேரூன்றியது. உவர்நீர் தேவைப்பட்டதால், சிலாபத்திலிருந்து முந்தல் வழியாகக் கற்பிட்டிவரை, ஒல்லாந்தர் கால்வாயையும் களப்புகளையும் ஒட்டிய கண்டல் நிலங்களும் சேற்று வெளிகளும் குளங்களாக வெட்டப்பட்டன. இவற்றில் பெருமளவு அரச காணி. குத்தகைக்கு விடப்பட்டது ஒரு பகுதி, அனுமதியின்றிப் பிடிக்கப்பட்டது மறுபகுதி. ஒரு பண்ணை எந்தக் கால்வாயிலிருந்து நீரை இறைத்ததோ அதே கால்வாயில்தான் அடுத்த பண்ணை தன் கழிவுநீரை விட்டது. ஆகவே ஒரு குளத்தில் தோன்றிய நோய் ஊர் முழுதும் பரவத் தடையேதும் இருக்கவில்லை. 1980களின் இறுதியில் ஒரு வைரசு நோயும், 1996இல் வெண்புள்ளி நோயும் தாக்கியபின் பண்ணைகளின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. பிற்காலத்தில் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, பண்ணைகளை வலயங்களாகப் பிரித்து வளர்ப்புக் காலத்தை முறைப்படுத்தியது. தொழில் ஓரளவு நிலைபெற்றது. ஆனால் கைவிடப்பட்ட குளங்களின் வரம்புகள் அகற்றப்படாமையால், வற்றுப்பெருக்கு நீர் உள்ளே வராத உவர்த்தரைகள் அப்படியே எஞ்சின. அங்கே கண்டலும் முளைப்பதில்லை, நெல்லும் விளைவதில்லை. காட்டை வெட்டிக் கிடைத்த இலாபம் சிலருடையதாகவும், வெட்டிய நிலத்தைச் சீராக்கும் செலவு எல்லோருடையதாகவும் ஆனது பெரும் அநீதி.

இந்த அநீதி மிகத் துலக்கமாகத் தெரியும் இடம் ஆனைவிழுந்தான் சரணாலயம். சிலாபத்துக்கு வடக்கே, கொழும்பு–புத்தளம் இருப்புப்பாதைக்கும் கடலுக்கும் இடையே 1,397 ஹெக்டேர் பரப்பில் அமைந்துள்ள இது, 1997ஆம் ஆண்டு ஜூனில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைப் பேணுவதற்காக 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியல் அது. ஆனைவிழுந்தானின் சிறப்பு அதன் குளத்தொடரில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தனவாகக் கருதப்படும் ஏழு சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து, மேற்குளம் வான்பாய்ந்த நீரைக் கீழ்க்குளம் ஏந்திக்கொள்ள, அந்நீர் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது கால்வாயையும் கண்டற்காட்டையும் சேர்கிறது. நன்னீர், கலப்புநீர், உவர்நீர் ஆகிய மூவகை ஈரநிலங்களும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் அடுத்தடுத்து வருவதால், வலசை வரும் பறவைகளுக்கு இது முக்கியமான தங்குமிடமாக விளங்குகிறது. இயற்கை எனப் போற்றப்படும் இவ்வீரநிலத்தின் பாதி, உண்மையில் உழவர் தலைமுறை தலைமுறையாகக் குளக்கட்டைத் திருத்தி, துருசைத் துப்புரவாக்கி வைத்திருந்ததன் பயனாகும். அவர்கள் வயல் செய்வதை நிறுத்தினால் குளங்கள் தூர்ந்து, பறவைகளுக்குரிய நீரும் குறையும்.

ஆனைவிழுந்தானின் எல்லைக்குள்ளும் இறால் பண்ணைகள் வெட்டப்பட்டன. சரணாலயத்துக்குள் இறால் பண்ணை எவ்வாறு இருக்க முடியும் என்று வாசகர் வியக்கலாம். தேசிய ஒதுக்கிடம் அரச காணியில் மட்டுமே அமைய முடியும்; சரணாலயமோ தனியார் காணியையும் உள்ளடக்கலாம், அதற்குள் உரிமையாளரின் உடைமை தொடரும். இந்த ஏற்பாடு நியாயமானதே. மக்கள் வாழும், வயல் செய்யும் நிலத்தை அவர்களை வெளியேற்றாமல் காக்க வேறு வழியில்லை. ஆனால், எல்லைக்குள் வாழ்பவர் ஏற்கும் கட்டுப்பாட்டுக்கு ஈடாக எதுவும் வழங்கப்படாததும், எல்லையைக் கண்காணிக்கப் போதிய ஆட்கள் இல்லாததும் சேர்ந்தபோது, வர்த்தமானியில் வரையப்பட்ட கோடு தரையில் மங்கிப்போயிற்று. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில், ராம்சார் பட்டியலில் இடம்பெற்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்த பிறகும், இச்சரணாலயத்தின் கண்டல்களை மண்வெட்டும் இயந்திரம் கொண்டு அழித்த செயல் நாடெங்கும் கண்டனத்துக்கு உள்ளானது.

கைவிடப்பட்ட பண்ணைகளை மீட்கும் முயற்சியும் இதே ஆனைவிழுந்தானில்தான் நம்பிக்கையூட்டும் வடிவம் பெற்றது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் வயம்ப பல்கலைக்கழகமும் இணைந்து மேற்கொண்ட இப்பணியில், கன்று நடுவதற்கு முன் நீரோட்டத்தைத் திருத்துவது முதன்மைப்படுத்தப்பட்டது. பழைய குளங்களின் வரம்புகளை உடைத்து, வாய்க்கால்களைத் திறந்து, வற்றுப்பெருக்கு மீண்டும் வந்துபோக வழிசெய்தால், நீரில் மிதந்துவரும் விதைகள் தாமாகவே ஊன்றிக்கொள்ளும். இது எளிய உண்மையாகத் தோன்றினாலும், இலங்கை இதற்குக் கொடுத்த விலை அதிகம். 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் நாடெங்கும் 1,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் கண்டல் நடப்பட்டது. அவற்றை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, பார்வையிட்ட 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை என்றும், வெற்றிபெற்ற பரப்பு மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்திலொன்றே என்றும் கண்டறிந்தது. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் எவரும் திரும்பிப் பாராததும் இதற்குக் காரணங்கள். 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீளமைப்புத் திட்டங்கள் ஏழில் ஒன்றாக இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை அறிவித்தது, இத்தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டதற்குக் கிடைத்த மதிப்பாகும்.

இவ்வெற்றிகள் பெரும்பாலும் திட்டக் காலம் உள்ள பணத்தில் நிற்கின்றன என்பதே கவலைக்குரியது. 2015இல் தொடங்கிய கண்டல் பாதுகாப்பு முயற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் சீகொலொஜி நிறுவனமும், சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பும், இலங்கை அரசும் இணைந்து நடத்திய அத்திட்டம், கரையோர ஊர்களின் பெண்களுக்குச் சிறுகடனும் பயிற்சியும் வழங்கி, அதற்கு ஈடாகக் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தது. சிலாபத்தை அடுத்த பம்பலவில் 2016இல் ஒரு கண்டல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. காப்பவருக்குப் பயன் கிடைக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை மிகச் சரியானது. எனினும் அந்த முயற்சி ஐந்தாண்டு நிதியில் திட்டமிடப்பட்டது. கண்டல் முதிர்வதற்கு அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். காவலுக்கோ முடிவே இல்லை. கொடையாளரின் நாட்காட்டிக்கும் களப்பின் காலத்துக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது நாட்டின் சொந்த வருவாய் மட்டுமே.

தனியார் காணிக்கு வரும்போது சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. புத்தளம் மாவட்டத்தின் தெற்குப் பகுதி, குருநாகல், கம்பஹா மாவட்டங்களோடு சேர்ந்து 'தென்னை முக்கோணம்' எனப்படும் நிலப்பகுதியில் அடங்கும். தென்னை ஆராய்ச்சி நிறுவனமும் இம்மாவட்டத்தின் லுணுவிலவில்தான் இருக்கிறது. இங்குள்ள தோட்டங்கள் வீட்டு மனைகளாகத் துண்டாடப்படுவது நெடுநாள் கவலை. தேயிலை, றப்பர்த் தோட்டங்களைத் துண்டாடுவதைக் கட்டுப்படுத்த 1958இல் இயற்றப்பட்ட சட்டம், 2005இல் தென்னங்காணிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் சட்டத்துக்கு எதிர்த்திசையில் இழுக்கும் கணக்கு வலுவானது. தேங்காய் விளையும் காணியை ஏக்கர்க் கணக்கில் மதிப்பிடுகிறார்கள். வீடு கட்டும் காணியைப் பேர்ச்சுக் கணக்கில் விற்கிறார்கள். ஓர் ஏக்கரில் 160 பேர்ச் இருக்கிறது. அந்த 160ஆல் பெருக்கிப் பார்க்கும் உரிமையாளர், பிள்ளையின் படிப்புக்கோ திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்படும் நாளில் தோட்டத்தை விற்பதைக் குற்றமாகக் கருத இடமில்லை. வயற்காரரின் நிலையும் இதுவே. 'நிரப்பாதே' என்று சட்டம் அவருக்கு ஆணையிடுகிறது. நிரப்பாமல் இருப்பதால் வெள்ளநீர் தங்கி, கிணறுகள் ஊறி, ஊரார் பெறும் நன்மைக்கு எவரும் அவருக்கு எதுவும் தருவதில்லை. உர மானியமும் நெல்லுக்கான உத்தரவாத விலையும் விளைச்சலுக்கு உரியவை. நிலத்தை நிலமாக வைத்திருப்பதற்கு உரியவை அல்ல.

வேறு நாடுகள் இதற்கு வழி தேடியிருக்கின்றன. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் லோங் ஐலண்ட் தீவின் சஃபோக் மாவட்டம் 1974இல் ஒரு புதிய முறையை உருவாக்கி, 1977இல் முதற் கொள்வனவைச் செய்தது. உழவரின் காணியை வாங்காமல், அக்காணியில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் பொதுப்பணத்தில் வாங்குவது அம்முறை. இதை 'அபிவிருத்தி உரிமைக் கொள்வனவு' என்பர். மனை விலைக்கும் பயிர்நில விலைக்கும் உள்ள வேறுபாட்டை உழவர் கையில் பெற்றுக்கொள்கிறார். காணி அவருடையதாகவே இருக்கிறது, பயிரிடலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் வாங்குபவரும் அதில் வீடு கட்ட முடியாது. அதே மாவட்டத்தின் கிழக்கு முனையிலுள்ள ஐந்து ஊராட்சிகள், 1998இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், காணி கைமாறும்போது வாங்குபவர் செலுத்தும் 2 சதவீத வரியை ஏற்படுத்தி, அப்பணத்தைத் திறந்த நிலத்தையும் பண்ணை நிலத்தையும் காப்பதற்கென்றே ஒதுக்கின. நிலம் கட்டடமாகும் வேகம் கூடக்கூட, அதைக் காக்கும் நிதியும் கூடும் என்பது இதன் நுட்பம். இதுவரை 100 கோடி டொலருக்கு மேல் இவ்வாறு திரண்டிருக்கிறது. பிரான்சில் 1975இல் நிறுவப்பட்ட கொன்செர்வத்துவார் து லித்தொரால் என்னும் அரச நிறுவனம், கரையோர நிலங்களை வாங்கி, மீண்டும் விற்க முடியாதவையாக வைத்துக்கொண்டு, அவற்றின் அன்றாடப் பராமரிப்பை உள்ளூராட்சிகளிடம் ஒப்படைக்கிறது. மேய்ச்சலும் பயிரும் உப்பெடுப்பும் ஒப்பந்தத்தின் பேரில் அங்கே தொடர்கின்றன. செல்வ நாடுகளால்தான் இது முடியும் என்று எண்ண வேண்டியதில்லை. 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிய கேரளம், 2020 முதல் வயலை மாற்றாமல் வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 2,000 இந்திய ரூபாய் வழங்கத் தொடங்கியது. தொகை சிறிதாயினும், வயல் ஊருக்குச் செய்யும் சேவைக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டது பெரிய காரியம்.

கற்பிட்டிக் குடாநாட்டில் இக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் அந்த மணற்பரப்பில், மழைநீர் மணலினுள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. மிளகாயும் வெங்காயமும் பிற மரக்கறிகளும் அந்த நீரால் விளைகின்றன. மக்கள் குடிப்பதும் அதையே. கட்டடமும் தார்வீதியும் பெருகினால் மழை உள்ளே இறங்காது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலெழும். உரம் மிகுந்தால் நைத்திரேற்று கிணற்றுக்குள் வந்துவிடும், வந்தும் இருக்கிறது. ஆகவே இங்கே பயிர்நிலத்தைக் காப்பது என்பது உரத்தைக் குறைத்துப் பயிரிட உழவருக்கு உதவுவதையும் உள்ளடக்க வேண்டும். நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையமும், குடாநாட்டைச் சூழ்ந்த 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டமும் வந்தபோது, மீனவரும் உழவரும் எழுப்பிய எதிர்ப்புக்கு இந்த நீரும் இந்தக் கரைகளுமே காரணம்.

நிலத்தைக் காப்போம் என்ற பேச்சு, நிலமற்றவரை வெளியே நிறுத்தும் பேச்சாக மாறிவிடக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்தது புத்தளத்தில்தான். தென்னந்தோட்டங்களிலும் வெற்று நிலங்களிலும் ஓலைக் குடிசைகளில் தொடங்கிய அந்த வாழ்வு, மாவட்டத்தின் நிலத் தேவையையும் நீர்த் தேவையையும் நிலையாகக் கூட்டியது. அந்தத் தேவை நியாயமானது. மேலே சொன்ன அமெரிக்க ஊராட்சிகளிலும் காணி விலை உயர்ந்து, உழைப்போர் குடியிருக்க இடமில்லாமற் போனபோது, அவற்றில் நான்கு 2022இல் மேலும் அரைச் சதவீத வரியை வாக்கெடுப்பில் ஏற்று, அதை வீட்டு வசதிக்கு ஒதுக்கின. திறந்த நிலமும் குடியிருப்பும் ஒரே கணக்கேட்டில் சேர்ந்து எழுதப்பட வேண்டியவை.

இத்தகைய நிதிக்குரிய ஊற்று புத்தளத்தில் இல்லாமலில்லை. காணி கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வை, பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாண வருவாயாகி, காணி அமைந்துள்ள உள்ளூராட்சி மன்றத்துக்குச் சேர்கிறது. முதல் 100,000 ரூபாய்க்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் அதன் அளவு. தென்னந்தோட்டம் ஒன்று மனைகளாகி விற்கப்படும் ஒவ்வொரு முறையும், அவ்விற்பனையிலிருந்தே பிரதேச சபைக்குப் பணம் வருகிறது என்பது இதன் பொருள். தற்போது அது வீதி, விளக்கு, சம்பளம் முதலான பொதுச் செலவுகளில் கரைந்துவிடுகிறது. அதில் ஒரு சிறு பங்கையேனும் வடமேல் மாகாண சபை சட்டத்தால் பிரித்து வைத்தால், குளக்கட்டுகளைத் திருத்தும் கமக்காரர் அமைப்புகளுக்கும், கைவிடப்பட்ட பண்ணைகளின் வரம்பை உடைப்பதற்கும், பாடுகளின் எல்லைக்கல்லை நாட்டுவதற்கும், வயலை நிரப்பாமல் வைத்திருப்பவருக்கு ஆண்டுக் கொடுப்பனவு தருவதற்கும் கொடையாளரை எதிர்பாராத ஒரு தொடக்கம் கிடைக்கும்.

அரச காணி தனியாரிடம் போகாமல் இருக்க நீதிமன்றம் வகுத்த நெறியும் துணைநிற்கிறது. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற கோட்பாட்டை ஏற்றது. 2005இல் கொழும்பின் காலி முகத்திடலைத் தனியார் நிறுவனமொன்றின் பொறுப்பில் விடும் உடன்படிக்கையை அது செல்லாதென்றது. 2008இல், பொதுத்தேவைக்கென எடுக்கப்பட்ட பத்தரமுல்லைக் காணி கொல்ஃப் திடலுக்காகத் தனியாரிடம் சென்றதை ரத்துச்செய்து, முன்னாள் ஜனாதிபதி ஒருவர் 30 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தலைநகரின் திடலுக்கும் ஈரநிலத்துக்கும் பொருந்திய இந்நெறி, முந்தலின் சேற்று வெளிக்கும் உடப்பின் கரைக்கும் பொருந்தாது என்று எச்சட்டமும் கூறவில்லை. ஆயினும் வழக்கு தொடுப்பதற்கு எந்தக் காணி யாருடையது, எப்போது குத்தகைக்கு விடப்பட்டது, குத்தகை எப்போது முடிகிறது என்பன தெரிந்திருக்க வேண்டும். கைவிடப்பட்ட இறால் பண்ணைகளுள் அரச காணியில் அமைந்தவற்றின் குத்தகை விவரங்களைப் பிரதேச செயலகங்கள் ஊர்வாரியாகத் தொகுத்து, தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பது, புதிய நிதி எதுவும் வந்துசேரும் முன்பே செய்துமுடிக்கக்கூடிய பணியாகும்.